ஆண்கள் அறைக்கு அழகு செய்த பெண்!
நாற்காலி செய்தவர் ஒருவர். பெயர் வாங்கியவர் இன்னொருவர்

கறுப்புத் தோல் சோபா. பளபளக்கும் எஃகுக் குழாய் நாற்காலி. சாம்பல் நிறச் சுவர். பூப்போட்ட திரை கிடையாது. பொம்மை கிடையாது.

இப்படி ஓர் அறையைப் படம் பிடித்து, "ஆண்களுக்கு ஏற்ற மிடுக்கான அறை" என்று விளம்பரம் செய்கிறார்கள். புது வீடு வாங்கும் இளைஞர்கள் இந்தப் படத்தைக் காட்டி, "எனக்கும் இது போல வேண்டும்" என்கிறார்கள்.

சரி, இந்த மிடுக்கைக் கண்டுபிடித்த ஆண் பிள்ளை யார்?

ஆண் பிள்ளை மட்டும் அல்ல. அதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு!

"பூ வேலை இங்கே இல்லை"

அவர் பெயர் சார்லட் பெரியான். பிரான்சு நாட்டுப் பெண். அறை அலங்காரக் கலை படித்தவர். 1927-ம் ஆண்டில் அவருக்கு வயது சுமார் 24.

அப்போது பாரிஸ் நகரில் லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் பெயர் பெற்று வந்தார். (பிற்காலத்தில் நம் நாட்டுச் சண்டிகர் நகரைத் திட்டமிட்டாரே, அவர்தான்.) அவரிடம் வேலை கேட்டுப் போனார் சார்லட். "இங்கே தலையணைக்குப் பூ வேலை செய்வதில்லை" என்ற பொருளில் பதில் சொல்லி, அவரை அனுப்பிவிட்டாராம்!

பெண் என்றால் பூ வேலைதான் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

சார்லட் தன் வீட்டு மாடியில் எஃகும் அலுமினியமும் கண்ணாடியுமாக ஒரு சிறு மதுக்கூடம் அமைத்திருந்தார். அதை அந்த ஆண்டே பாரிஸ் கண்காட்சி ஒன்றில் வைத்தார். கூட்டம் வியந்தது. லெ கொர்புசியேயும் வந்து பார்த்தார். உடனே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்!

பத்து ஆண்டுகள் சார்லட் அங்கே வேலை பார்த்தார். லெ கொர்புசியே, அவருடைய உறவினர் பியர் ஜன்னரே, சார்லட் மூவரும் சேர்ந்து 1928-ல் எஃகுக் குழாயை வளைத்துச் சாய்வு நாற்காலியும் தோல் மெத்தை நாற்காலியும் உருவாக்கினார்கள். இன்று "ஆண்கள் அறை" படங்களில் அடிக்கடி காணப்படுவது இவைதான். அல்லது இவற்றின் நகல்.

ஆனால் நெடுங்காலம் உலகம் இவற்றை "லெ கொர்புசியே நாற்காலி" என்றே அழைத்தது.

அமெரிக்காவிலும் இதே கதை. 1956-ல் வெளிவந்த ஈம்ஸ் நாற்காலி, பெரிய முதலாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலி என்று புகழ் பெற்றது. அதை உருவாக்கிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் கணவன் மனைவி. பேச்சில் அடிபட்டதோ பெரும்பாலும் கணவன் பெயர்!

குப்பையில் கிடந்த செல்வம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சண்டிகர் அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்யப்பட்டன. பியர் ஜன்னரே அங்கேயே தங்கி, 1965 வரை வேலை பார்த்தார். அவரோடு உழைத்தவர்களில் ஒருவர் யூலி சௌத்ரி என்ற இந்தியப் பெண்.

பிறகு அந்த நாற்காலிகள் பழையவை ஆயின. உடைந்தவற்றைக் கழித்துக் கட்டி, அற்ப விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பழுது பார்த்து வெளிநாட்டு ஏலத்தில் விட்டார்கள். லட்சக்கணக்கில் விலை போயிற்று! 2011-ல் மத்திய அரசு விழித்துக்கொண்டு, அவற்றைப் பாதுகாக்க உத்தரவு போட்டது.

ஏலத்தில் பெரிதாக விளங்குவது ஜன்னரேயின் பெயர். யூலி சௌத்ரியின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரம் இழைத்த தச்சர், பிரம்பு பின்னியவர் பெயரைக் காண்பது அதைவிட அரிது.

இன்னொரு விஷயம். சித்திரை மாத வெயிலில், மின்சாரம் போன வேளையில், கறுப்புத் தோல் சோபாவில் சட்டை இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். எழுந்திருக்கும்போது முதுகுத் தோலும் கூடவே வரும்! பிரம்பு அப்படி இல்லை. காற்றுப் போகும். சண்டிகர் நாற்காலியின் படத்தைப் பக்கத்துத் தெருத் தச்சரிடமும் பிரம்பு பின்னுகிறவரிடமும் காட்டுங்கள். அவர்களுக்கு அது ஒன்றும் புதிய வேலை அல்ல.