குற்றவாளிக் கூண்டில் நோயாளி

‘சொன்னபடி மருந்து குடிக்கமாட்டார்கள், பிறகு பாரிசவாதம் வந்து விழுந்ததும் ஓடிவருவார்கள்.’ இரத்த அழுத்த நோயாளர்மீது படித்த வர்க்கம் ஓயாது வாசிக்கும் குற்றப்பத்திரிகை இது. அறியாமை, அசட்டை, நாட்டுப்புறப் புத்தி எனக் காரணங்களும் தயாராகவே உள்ளன. இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

நீண்டகால நோய்களுக்கான மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர், வளம் மிகுந்த நாடுகளிலேயே சராசரியாக நூற்றுக்கு 50 பேர்தாம் என 2003 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அங்குள்ளோரும் நாட்டுப்புறத்தாரோ? நோவு தராத நோய்க்கு ஆயுள் முழுதும் குளிசை போடு என்றால் மனித மனம் எங்கும் தயங்கத்தான் செய்யும்.

நமது மலையகத்துக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்குச் சிறுநீரைப் பெருக்கும் குளிசை எழுதப்படுகிறது. காலையில் போடு என்கிறார் டொக்டர். போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். தேயிலை மலையில் மலசலகூடத்துக்கு அவள் எங்கே போவாள்? ஒதுங்கிய நேரத்துக்குக் கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். அவள் குளிசையை விட்டுவிடுகிறாள். இதன் பெயர் அறியாமையா? கணக்குத் தெரிந்தவள் அவள். எழுதிக்கொடுத்தவருக்குத்தான் மலை தெரியவில்லை.

எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். மாற்று மருந்துகள் உண்டு. சொன்னால் மாற்றிக் கொடுக்கலாம். எப்போது சொல்வது? விடிகாலையில் வந்து துண்டெடுத்து, நாட்சம்பளத்தையும் இழந்து, உச்சிப்பொழுதுவரை வாங்கில் காத்திருந்தவருக்குக் கிடைப்பதோ ஓரிரு நிமிடம். அதுவும் பல இடங்களில் அவர் அறியாத மொழியில். உறையின்மேல் கிறுக்கியிருப்பதும் ஆங்கிலம்.

அவசிய மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டு, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிய நாடு இது. இங்கேயே 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, ‘வெளியே வாங்குங்கள்’ என்று துண்டெழுதி நோயாளரைப் பாமசிக்கு அனுப்பினார்கள். ஒரு குளிசையை இரண்டாக உடைத்து, ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதம் இழுத்தவர்களை நாம் அறிவோம். அவர்களும் ‘சொன்னபடி குடிக்காதவர்கள்’ என்ற கணக்கிலேதான் சேர்க்கப்படுவார்கள்!

நோயாளர் அனைவரும் நிரபராதிகள் என நாம் வாதிடவில்லை. காசும் காரும் இருந்தும், ‘தொடங்கினால் விடமுடியாதாம்’ என்று பயந்து வெள்ளைப்பூட்டை மென்றுகொண்டு திரியும் கனவான்களும் உளர். உபதேசம் அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அது எப்போதும் போய் விழுவது வரிசையில் நிற்பவன் தலையிலேதான்.

2020 இல், கொரோனா ஊரடங்கின்போது, கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்ப இந்நாட்டு அரசாங்கத்தால் முடிந்தது. அன்று முடிந்த காரியம் லயத்துக் கதவுவரை இன்றும் ஏன் வரக்கூடாது? உறையில் தமிழில் நாலு சொல் எழுத எவ்வளவு மை செலவாகும்? சுகாதார அமைச்சு முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும்.