முதியோர் இல்லங்களில் மலச்சிக்கல்: சங்கத்தின் நிலைப்பாடு

வாரத்தில் 3 முறைக்கும் குறைவாகப் போவது, முக்கிப் போவது, புழுக்கை போல் கெட்டியாகப் போவது ஆகியவை மலச்சிக்கலின் அடையாளங்கள். மறதிநோய் உள்ளவர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டை ஒதுக்குகிறார், எரிந்து விழுகிறார், இரவில் தூங்காமல் அலைகிறார். இத்தகையவர்களுக்காகவே இல்லங்களில் இருந்த மலப் பதிவேட்டை வீண் எழுத்துவேலை என்று நிறுத்திய முடிவைச் சங்கம் ஏற்கவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆயினும் மலம் போன நாள், நேரம், மலத்தின் தன்மையைக் காட்டும் பிரிஸ்டல் அளவுகோலின் 7 வகைகளில் எது என்று குறிப்பது இயன்றவரை எல்லா இல்லங்களிலும் தொடர வேண்டும். பல நாள் போகாதவருக்குத் திடீரென நீராகக் கசிந்தால், இறுகிய மலத்தைச் சுற்றி ஒழுகும் கசிவாக அது இருக்கலாம். பதிவேடு இல்லையென்றால் அது பேதியாகத் தெரியும், பேதியை நிறுத்தும் லோப்பரமைடு கொடுக்கப்படும், அடைப்பு மேலும் இறுகும்.

உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பின் இது வலுவாக இருக்கும். இல்லங்களில் குளியலும் மருந்து விநியோகமும் பணிமாற்றமும் நெருக்குவது அந்த நேரத்தில்தான். வெளிக்குப் போகவேண்டும் என்பவருக்கு, "டயப்பர் போட்டிருக்கே, அதிலேயே போங்க" என்ற பதில் கிடைக்கிறது. வெட்கப்பட்டு அடக்குகிறார், அடக்க அடக்க அந்த உணர்வே மழுங்குகிறது. பிறகு மாத்திரை, அதற்குப் பிறகு எனிமா. கைத்தாங்கலாக நடக்கக்கூடிய ஒருவரை வேலைச் சுலபத்துக்காகப் படுக்கையிலேயே போகவைப்பது அவமதிப்பு. இச்சொல் கடுமையானது என்று இந்த நிலைப்பாட்டின் வரைவுக் குழுவில் சிலர் கருதினர். விவாதத்துக்குப் பின் அது அப்படியே வைக்கப்பட்டது. காலை உணவு முடிந்த அரை மணிக்குள் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆள் ஒதுக்கப்பட வேண்டும். கதவு சாத்தப்பட வேண்டும். வாழ்நாளெல்லாம் குந்திப் பழகியவர் கமோடில் உட்காரும்போது, முழங்கால் இடுப்புக்கு மேல் உயரும்படி பாதத்தின் கீழ் மணைப்பலகை வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை, டிரமடால், அமிட்ரிப்டிலின் போன்றவை மலத்தைக் கட்டும். மருந்துப் பட்டியலை மருத்துவர் அவ்வப்போது மறுபார்வை செய்வது நல்லது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் படுக்கை நோயாளிக்கு இசப்கோல் கூடாது. மலமிளக்கிகளான லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால், பிசகோடில் ஆகியவற்றில் எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பாஸ்பேட் எனிமா ஆபத்து. 3 நாள் போகாவிட்டால் செவிலியர் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதில் இல்ல நிர்வாகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது.