பிளாசமும் வேணும், பீரும் வேணுமா?

"பெங்களூர் வீக்கெண்ட்! சர்ச் ஸ்ட்ரீட்ல பிளாசம், புக்வார்ம். சாயங்காலம் இந்திராநகர் டாய்ட்ல கிராஃப்ட் பீர்." மாசம் நாலு போஸ்ட்டாவது இப்படிக் கண்ணுல படுது. போடறது நம்ம வேலூர், ஆம்பூர் பசங்கதான். கீழ கமெண்ட்ல ஒரே ஏக்கம்: நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்ப வரும்?

விரிஞ்சிபுரத்துல உக்காந்து ஒரு டாக்டரா பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம்.

முதல்ல பீர். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணி. அங்கேயே சின்ன அளவுல காய்ச்சறாங்க. ருசி நல்லா இருக்கும், மறுக்கல. ஆனா கல்லீரலுக்கு நாக்கு கிடையாது. 5% பீர் அரை லிட்டர்ல சுமார் 20 கிராம் ஆல்கஹால். டாஸ்மாக் பிராந்தி 42.8%. அதுல 60 மில்லி ஊத்தினாலும் அதே 20 கிராம்தான். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1988லயே முதல் பிரிவுல வெச்சாச்சு. கிராஃப்ட்டுக்கு மட்டும் விலக்கு இல்ல.

எனக்கு எரிச்சல் இதுலதான்: டேனரியில நாள் பூரா ஈரத் தோலைத் தூக்கிப் போட்டவர் குவார்ட்டர் அடிச்சா "குடிகாரன்". நீங்க கண்ணாடி கிளாஸ்ல குடிச்சா "கல்ச்சர்". பக்கத்துல ஒரு புத்தகப் பையை வெச்சு போட்டோ எடுத்துட்டா இன்னும் கல்ச்சர்.

"நல்ல பீர் வந்தா குவார்ட்டரை விட்டுடுவாங்க சார்"னு ஒருத்தர். அந்த ஒரு கிளாஸ் விலைக்கு ஒரு குவார்ட்டர் வாங்கி, சைட் டிஷ்ஷுக்கும் காசு மிஞ்சும். யாரு விடுவாங்க?

சரி, புத்தகத்துக்கு வருவோம். இந்த ஏக்கம் நியாயமானது. சிஎம்சி, விஐடினு ஆயிரக்கணக்குல படிக்கற பிள்ளைங்க இருக்கற வேலூர்லயே, கைடும் நோட்டும் தாண்டி ஒரு மணி நேரம் நின்னு புரட்டற மாதிரி கடை தேட வேண்டியிருக்கு. சாராயத்துக்கு அந்தத் தேடல் உண்டா? 2003லேர்ந்து அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துது. பகல் 12லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும்.

சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம் நம்முதுதாங்க. 1948, மெட்ராஸ். பின்னால நின்னவர் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். நீங்க கட்டற வீட்டு வரி, சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. அதை வசூல் பண்ணி, நூலகத்துக்குக் கட்டாம பாக்கி வெக்கற உள்ளாட்சிகளைப் பத்தி வருஷா வருஷம் பேப்பர்ல வருது. அதுக்கு ஒருத்தரும் போஸ்ட் போடல.

ஷூ கம்பெனி பஸ்லேர்ந்து இறங்கற பொண்ணு நடந்து போய் ஒரு புத்தகம் எடுக்கணும்னா, அந்த நேரத்துல நூலகம் திறந்திருக்கணும். 10 மணி வரைக்கும் கடை நடத்தத் தெரிஞ்ச அரசுக்கு 9 மணி வரைக்கும் நூலகம் நடத்தத் தெரியாதா?

வரி ரசீதை எடுத்துப் பாருங்க. அடுத்த கிராமசபையில எழுந்து நின்னு ரெண்டே கேள்வி: நம்ம ஊர் நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு கட்டினீங்க?