ஏலத்திற் கள்ளக் கேள்வி

பலர் கூடி ஒரு பொருளுக்கு நியாய விலை காணும் முறைக்கே ஏலம் என்று பெயர். கேட்போர் யாவரும் வாங்கும் எண்ணத்துடனேயே கேட்கின்றனர் என்ற நம்பிக்கைதான் அதன் அத்திவாரம். அந்த நம்பிக்கை பொய்த்தால் ஏலம் ஏலமன்று. வேடமிட்ட கொள்ளையே யாகும். விற்பவனே வேறொரு பெயரில் நின்று விலை கேட்பதும், தன் உறவினனையோ நண்பனையோ ஏவிக் கேட்கச் செய்வதும் இத்தகைய கொள்ளையே. இதனையே நாம் கள்ளக் கேள்வி என்கிறோம்.

கடற்கரையில் மீன் கூறும்போதும், சந்தையிற் காய்கறி கூறும்போதும் கேட்பவன் முகம் நமக்குத் தெரியும். அவன் யாருடைய மைத்துனன், யாரிடம் கூலி பெறுபவன் என்பதும் தெரியும். ஆதலால் அங்கே கள்ளக் கேள்வி நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது. இணைய ஏலத்திலோ முகம் இல்லை. ஒரு புனைபெயர் மட்டுமே உண்டு. ஒருவனே பத்துப் பேராக நிற்கலாம். கமக்காரர் பழைய நீரிறைக்கும் இயந்திரத்தையும், உத்தியோகத்தர் கமராவையும் கணினியையும் கைத்தொலைபேசித் திரையிலே தேடுகின்ற காலம் இது. எனவே இஃது எங்கோ பிறநாட்டார் படும் தொல்லை என்று நாம் வாளாவிருக்க முடியாது.

2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். ஈபே என்னும் இணைய ஏலத் தளத்தில் 25 சதத்தில் ஏலத்துக்கு விடப்பட்ட ஓர் ஓவியம் 1,35,805 டொலருக்கு ஏறியது. ரிச்சட் டீபன்கோர்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் கைவண்ணமாக இருக்கலாம் என்று எண்ணும்படி அதில் எழுத்துக்கள் இருந்தன. விற்றவரோ ஓவியம்பற்றி ஏதும் அறியாதவர்போல் நடித்தார். பின்னர் அவரே வேறொரு பெயரில் அதற்கு விலை கேட்டிருந்தமை தெரியவந்து, விற்பனை இரத்தாயிற்று. விசாரணை விரிந்தபோது, அவரும் கூட்டாளிகள் இருவரும் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களைப் புனைந்து, நூற்றுக்கணக்கான ஏலங்களில் ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலையேற்றியமை அம்பலமாயிற்று. 2001இல் அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஓவியத்தை விற்றவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? சட்டம் கற்ற ஒரு வழக்கறிஞர்! படித்தவன் பாவம் செய்தால் ஐயோ என்று போவான் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

கள்ளக் கேள்வி எவ்வாறு பணத்தைப் பறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளல் அவசியம். இணைய ஏலங்கள் பலவற்றில் வாங்குபவர் தமது உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். அது பிறருக்குத் தெரியாது. அடுத்தவர் கேட்டதற்குச் சற்று மேலாக மட்டுமே தளம் அவர் சார்பிற் கேட்கும். ஓர் இயந்திரத்துக்கு 60,000 ரூபா வரை கொடுக்கலாம் என ஒருவர் பதிந்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். உண்மையான மற்றொருவர் 40,000 ரூபாவுடன் நின்றுவிட்டால், 41,000 ரூபாவில் அவருக்குப் பொருள் கிடைக்கவேண்டும். அப்பொழுது கள்ளக் கேள்விகாரன் நுழைகிறான். 45,000, 50,000, 55,000 எனச் சிறிது சிறிதாக ஏறி, 58,000இல் நின்றுவிடுகிறான். நம்மவர் 59,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு ஏலத்தில் வென்றதாக மகிழ்கிறார். உண்மையில் அவர் 18,000 ரூபாவைப் பறிகொடுத்தவர்!

கள்ளன் அளவு தப்பி 61,000 கேட்டுவிட்டாலும் அவனுக்கு நட்டமில்லை. கேள்வியை மீளப்பெறுவான். அல்லது ஏலம் முடிந்த பின், “வாங்கியவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட உச்ச விலைக்கே தருகிறோம்” என்று விற்பவரிடமிருந்து இனிய கடிதம் வரும்.

இவர்களை இனங்காண்பது எங்ஙனம்? கேள்விகளின் வரலாற்றைப் பல தளங்கள் காட்டுகின்றன. அதனை வாசிக்கும் பழக்கம் வேண்டும். புதிதாகத் தோன்றிய ஒரு பெயர், ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கே மீண்டும் மீண்டும் கேட்கிறதா? அடிக்கடி கேட்டும் எதையும் வாங்குவதில்லையா? பிறரின் உச்ச விலையைத் தடவிப் பார்ப்பதுபோலச் சிறு தொகைகளால் ஏறி, கடைசி நேரத்தில் மறைந்துவிடுகிறதா? கேட்டதை மீளப்பெறும் வழக்கம் உண்டா? விற்றுப்போன அதே பொருள் சில நாளில் மறுபடி ஏலத்துக்கு வருகிறதா? இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு ஒருவரைக் கள்ளர் என்று சாற்றுதல் நீதியன்று. புதியவர் எல்லோரும் பொய்யர் அல்லர். ஒரு வியாபாரியின் சரக்கில் நாட்டமுள்ளவர் அவரிடமே பலமுறை கேட்பதும் இயல்பே. ஆனால் பல அடையாளங்கள் ஒரே பெயரிற் கூடி நின்றால், விலகி நிற்பதே விவேகம்.

தற்காப்புக்கு வழியும் உண்டு. ஏலத்துள் நுழையுமுன் அதே பொருளின் கடை விலையை விசாரித்து, இதற்குமேற் கொடேன் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வையுங்கள். ஏலம் முடியும் தறுவாயில் அந்த விலையை ஒரேயொரு முறை கேளுங்கள். உச்ச விலையைத் தடவிப் பார்க்கக் கள்ளனுக்கு அவகாசம் இராது. பொருள் கைநழுவினால் நழுவட்டும். வீம்புக்கு விலையேற்றுபவனே கள்ளக் கேள்விகாரனின் நல்ல வாடிக்கையாளன். பின்வரும் இனிய கடிதத்துக்கு இணங்காதீர்கள். இணங்குவதாயின், கள்ளன் நுழையுமுன் நின்ற விலைக்கே இணங்குங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஐயம் எழுந்தால் திரையைப் படமெடுத்துத் தளத்தாருக்கு முறையிடுங்கள்.

“நட்டப்படாமற் காத்துக்கொள்ளவே இவ்வாறு செய்கிறோம்” என்பர் சில விற்பனையாளர். இவ்வாதம் செல்லாது. இதற்குக் கீழ் விற்கமாட்டேன் என்று குறைந்த விலையொன்றை நிர்ணயித்து அறிவிக்கும் நேர்வழி அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. நேர்வழி இருக்கக் குறுக்குவழியில் ஏன் நுழைய வேண்டும்?

இந்நாட்டின் சட்டமும் இதனை ஒப்பவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, தாமும் கேட்கும் உரிமையை முன்னரே அறிவித்திராத விற்பனையாளர் தாமாகக் கேட்பதோ பிறரை ஏவிக் கேட்பிப்பதோ முறையன்று. அத்தகைய விற்பனையை வாங்கியவர் மோசடியெனக் கொள்ளலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் ஏமாற்று வியாபாரத்தைத் தடைசெய்கிறது. சட்டம் ஏட்டில் உறங்க, கள்ளன் திரையில் விழித்திருக்கலாமா? உள்நாட்டில் இணைய ஏலம் நடத்துவோர் யாவரும் கேள்வி வரலாற்றை வாங்குபவர் காணும்படி வைக்கவேண்டுமென அதிகாரசபை கட்டளையிட வேண்டும். முறைப்பாடு செய்யும் வழியைத் தமிழிலும் தெளிவாக அறிவிக்க வேண்டும். தன் மொழியில் முறையிட முடியாதவனுக்குச் சட்டம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

இறுதியாக, நம்மவருக்கு ஒரு சொல். கோயில் மாம்பழத்தை இலட்சக் கணக்கில் ஏலத்தில் எடுப்பவர் எவரையும் ஏமாற்றுவதில்லை. தாமே விரும்பிக் கொடுக்கிறார், ஊரறியக் கொடுக்கிறார். ஆனால், “மச்சான், என்ரை சாமானுக்கு நீயும் ஒரு விலை கேட்டுவிடு” என்று ஒருவர் அழைக்க, நட்புக்காக இணங்குபவர் முகந்தெரியாத ஒரு கமக்காரனின் பணத்தைப் பறிக்கத் துணைபோகிறார். இவ்வழைப்பை மறுக்கும் துணிவு நம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். வாங்குபவர் விழிப்பாயிருத்தல் பாதி. விற்பவரும் அவர்தம் சுற்றத்தாரும் நேர்மையாயிருத்தல் மறுபாதி. இரண்டும் சேர்ந்தாலன்றி ஏலத்தில் நியாய விலை பிறவாது.