கீசர் வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்



ஐப்பசி பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "சார், ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு கீசர் வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது? பத்து லிட்டரா, பதினஞ்சா?" சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இதே கேள்விதான். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

எந்தக் கீசர் என்பது இரண்டாவது கேள்வி. அதை மாட்டப்போகிற வீடு எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டைச் சரிசெய்யச் செலவழிக்க மனசில்லை என்றால் கீசரையும் அனுப்பாதீர்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

"ஸ்ரீவைகுண்டம் வெயிலுக்கு வெந்நீர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இருபது வயதில் கேட்கலாம். மூட்டுவலியோடு, மார்கழியில் விடியுமுன் குளித்துவிட்டு கள்ளபிரான் சன்னதிக்குக் கிளம்புகிற எழுபத்தைந்து வயதுக்காரரிடம் கேட்கக் கூடாது. முதியவர்களுக்கு வெந்நீர் ஆடம்பரமில்லை. அது இல்லையென்றால் பலர் குளிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். இல்லாவிட்டால் வாளிக்குள் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஆபத்து அதுதான்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் புறவாசலில் செம்பு பாய்லர் இருந்தது நினைவிருக்கும். நடுக்குழாயில் சிரட்டையும் கொதும்பும் எரியும், சுற்றிலும் தண்ணீர். மேலே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியே ஒரு செம்பு வெந்நீர் வரும். குளிர்ந்த நீர் கனம் கூடியது, அடியில் தங்கும். சூடான நீர் மேலே ஏறும். வகுப்பில் வெப்பச்சலனம் என்று படித்த பாடம்தான். இன்றைய கீசரும் அதே பாடத்தில்தான் ஓடுகிறது. குளிர்ந்த நீர் அடியில் நுழைந்து, வெந்நீரை மேலிருந்து வெளியே தள்ளுகிறது. நெருப்பு இருந்த இடத்தில் மின்சாரம் வந்திருக்கிறது. நெருப்பு கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சுடும், அதனால் எல்லோரும் விலகி நிற்போம். மின்கசிவுக்கு உருவமும் இல்லை, வாசனையும் இல்லை.

கரண்டு பில் பற்றிய பயம் தேவையில்லை. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.4 யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது 12 நிமிட வேலை. அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் இதமான சூட்டில் இரண்டு வாளி கிடைக்கும். இரண்டு பேர் தினமும் குளித்தாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டுக்குள்தான் வரும். ஆகவே வெந்நீரால் யாரும் ஏழையாகப் போவதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் பழைய வீடு.

சன்னதித் தெரு, அக்ரகாரம், கோட்டைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தார்சாவிலிருந்து பட்டாசல் வழியாக மரச்சட்டத்தின் மேல் ஓடுகிற வயரை இன்றும் பார்க்கலாம். நாலு லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் போட்ட வயர் அது. 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட், அது 13 ஆம்பியர். "சின்னது தானே" என்று வாங்குகிறோமே, அதுதான் கூடுதல் கரண்டு இழுக்கிறது. 5 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகினால் வயர் சுவருக்குள்ளேயே சூடாகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும்: 2 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், 3 கிலோவாட்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி.

அதைவிட முக்கியம் எர்த். பல பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் எர்த் குழி தண்ணீர் காணாமல் பல வருடமாகியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. அந்தத் தண்ணீரில் ஊறிய வீடுகளுக்கு வெள்ளையடித்தாயிற்று. வயரையும் போர்டையும் மாற்றியாயிற்றா? உங்கள் வீட்டில் யார் பார்த்தார்கள்?

சுவரையும் பாருங்கள். தண்ணீரோடு சேர்த்து ஒரு 15 லிட்டர் கீசர் இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சாதாரண போல்ட் நிற்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் பட்டை கொடுத்து மாட்ட வேண்டும், அல்லது தரையிலிருந்து இரும்புச் சட்டம் வைத்துத் தாங்க வேண்டும்.

புது வீடு என்றால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். அங்கே ஆபத்து வேறு மாதிரி.

சுவருக்குள் புதைத்த குழாய் சாதாரண பி.வி.சி.யா, வெந்நீருக்கான சி.பி.வி.சி.யா என்று கட்டியவரிடம் கேளுங்கள். பி.வி.சி. சூட்டில் இளகும்; டைல்ஸை உடைத்துத்தான் பிறகு மாற்ற வேண்டிவரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கீசருக்குள் இருக்கும் எலிமென்ட்டில் வெள்ளைப் பொருக்கு படியும், தொட்டி அரிக்கும். அதற்காகவே உள்ளே மெக்னீசியம் தண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். அதைப் பார்த்து மாற்ற ஆள் வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் லைனில் கீசரை இணைக்க முடியுமானால் அதுவே நல்லது.

மாடியில் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் கீசரின் பிரஷர் வால்வு அவ்வப்போது சொட்டும். "ஒழுகுது" என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒழுகுவதற்காகவே வைத்த வழி. அதை அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும்.

காஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் திரும்பி வராத செய்தி குளிர்காலந்தோறும் நாட்டின் எங்கோ ஒரு மூலையிலிருந்து வருகிறது. காஸ்தான் வேண்டுமென்றால் வெளிச்சுவரில், காற்றோட்டத்தில் மாட்டுங்கள்.

மொட்டை மாடி உள்ள வீட்டுக்கு சோலார் நல்லது. நம் வெயிலுக்குக் குறைவில்லை. நாலு பேருக்கு 100 லிட்டர் போதும். ஆனால் வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மேகம் மூடும். கூடவே மின்சார வசதியும் வேண்டும். ஓட்டுக்கூரைக்கு இந்தப் பாரம் ஆகாது.

நம் மாவட்டத்தில் பெரிய பாய்லர்கள் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் இருக்கின்றன. 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டுக்கு. நீராவி பாய்லர்களுக்கு 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சோதித்துச் சான்று தராமல் ஓட்டக் கூடாது. வீட்டுக் கீசருக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். மாட்டுகிற பையன் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். கண்ணும் காதும் மங்கிய இரண்டு பேர் அதை நம்பித் தினமும் ஈரக்காலோடு நிற்பார்கள். அந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்.

கம்பெனி பெயர் கேட்கிறவர்களுக்கு: வீனஸ் நம் தூத்துக்குடிக் கம்பெனிதான், மற்றவையும் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், கூப்பிட்டால் ஊருக்கு வருகிற சர்வீஸும் உள்ள எதுவானாலும் சரி.

ஆனால் கீசருக்கு முன்னால் ஆர்.சி.சி.பி. வாங்குங்கள். சில கடைகளில் இ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் என்று கேளுங்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது இதுதான். பழைய வயரிங்கில் இதை மாட்டினால் அடிக்கடி விழும். "தொந்தரவு சார், எடுத்திரலாம்" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். சம்மதிக்காதீர்கள். அது விழுகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கீசர் சூட்டை 50 டிகிரியில் நிறுத்திவையுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில வினாடிகளில் தோலைப் பொசுக்கும். சர்க்கரை வியாதியில் கால் மரத்தவர்களுக்கு அது தெரியவும் செய்யாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். குளிக்க இறங்குமுன் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

புறவாசலும் விறகும் உள்ள வீட்டில் செம்பு பாய்லரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புயல் மழையில் மூன்று நாள் கரண்டு இல்லாதபோது அதுதான் கைகொடுக்கும்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வரச்சொல்லி, ஒரு பகல் முழுக்கக் கூடவே நின்று எர்த், வயர், போர்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கீசர் விலையைவிட அந்தச் செலவு கூடினாலும் கூடட்டும். அதற்குப் பிறகு எந்தக் கீசர் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன்.