ஓதக் கேட்பார் யார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைவாசிகளின் கண்கள் வானத்தை நோக்குகின்றன. பள்ளி நிருவாகிகளின் விரல்களோ கைப்பேசியைத் தேடுகின்றன. "மழையினால் விடுமுறை, வகுப்புகள் ஆன்லைனில் நடைபெறும்" என்ற அறிவிப்பு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஒரே நொடியில் வீடுகளை எட்டிவிடுகிறது. அறிவிப்புச் சேர்ந்தது உண்மைதான். கல்வி சேர்ந்ததா? இதுவே நம் வினா.

2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளை மூடிற்று. தமிழகத்தில் முதல் எட்டு வகுப்புகளின் பிள்ளைகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் மீண்டும் பள்ளிப் படியேறினர். அந்நாளில் நாமும் ஒரு பள்ளியில் அரபியும் தமிழும் கற்பித்து வந்தோம். ஒழுக்கம், இரக்கம், சமத்துவம் என்னும் மூன்று சொற்களை அப்பள்ளியின் முகப்பில் பெரிய எழுத்துகளில் பொறித்திருந்தார்கள். கதவு அடைபட்டதும் அம்மூன்றும் சுவரிலேயே தங்கிவிட்டன. பாட அட்டவணை மட்டும் கைப்பேசிக்குள் குடியேறிற்று.

காலை பத்து மணிக்கு வகுப்பு. நம் மாணவன் ஒருவனின் அத்தா உஸ்மான் சாலையில் துணிக்கடை விற்பனையாளர். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. கடைகள் திறந்தபின் அவர் வேலைக்குப் புறப்படும்போது கைப்பேசியும் உடன் புறப்பட்டுவிடும். அப்பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று நாள்தோறும் குறித்தவர் நாமேதாம். ஒரு திங்கள் கழிந்த பின்னரே காரணம் அறிந்தோம், அறிந்து வெட்கினோம். அவன் வரவில்லை என்பதைவிட, நாம் அவனிடம் போகவில்லை என்பதே உண்மை.

"அது எதிர்பாராத ஆபத்து, முன்மாதிரி ஏதுமின்றி நாங்கள் என் செய்வோம்?" என்று நிருவாகிகள் கேட்கலாம். முன்மாதிரி இல்லையென்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஹதீஸ் கலை வல்லார் அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சேரும் வழிகளை எட்டாக வகுத்து, அவற்றிற்குத் தரமும் கண்டனர். ஹிஜ்ரி 643இல் திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது ஸமாஃ. மாணவர் ஓத ஆசிரியர் கேட்பது கிராஅத். இவ்விரண்டும் முன்னிற்பவை. அனுமதி அளிப்பது இஜாஸா. நூலைக் கையில் ஒப்படைப்பது முனாவலா. தொலைவிலிருப்பவர்க்கு எழுதி அனுப்புவது முகாத்தபா. இவ்வாறு இறங்கி வரும் வரிசையின் கடைசியில் நிற்பது விஜாதா; அதாவது, ஆசிரியர் தொடர்பே இன்றி, கண்டெடுத்த ஏட்டைப் படித்துக்கொள்வது.

ஆகவே தொலைவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. தொலைவிலும் ஆசிரியரின் பொறுப்பு எவ்வளவு எஞ்சுகிறது என்பதே அவர்கள் பிடித்திருந்த அளவுகோல். அக்கோலை இன்றைய வகுப்பின்மீது வைத்துப் பாருங்கள். காணொளியொன்றை அனுப்பிவிட்டு, 'பார்த்தேன்' என்னும் அடையாளம் விழுந்ததும் பாடம் முடிந்ததாகக் கருதுவது விஜாதாவுக்கு ஒப்பானதே அன்றி வேறென்ன? 'ளாத்' என்னும் அரபெழுத்தின் ஒலி பிள்ளையின் நாவில் சரியாக எழுகிறதா என்பதை ஓதக் கேட்டாலன்றி எந்த உஸ்தாத் அறிவார்? தமிழின் ழகரத்திற்கும் இதே விதிதான்.

இனி, சமத்துவம். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றிருந்தவை நூற்றுக்கு 24 கூட இல்லை. அதன்பின் கைப்பேசிகள் பெருகியிருக்கலாம். ஆனால் அடையாற்றில் தனியறையில் கணினியின்முன் அமரும் பிள்ளையும், ஓரறை வீட்டில் தம்பி தங்கையோடு ஒரு கைப்பேசிக்குக் காத்திருக்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் பயில்கிறார்கள். குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தது குறித்து அருளப்பட்ட 'அபஸ' அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பள்ளி, வசதியற்ற பிள்ளையை 'வரவில்லை' என்று எழுதி மூடுவது தகுமா?

ஹயாவையும் மறத்தல் ஆகாது. ஒளிப்பதிவுக் கண்ணைத் திறந்தே வைக்க வேண்டுமென்று கட்டளையிடும்போது, ஓரறை வீட்டின் உம்மாவும் பாட்டியும் நாற்பது பேர் பார்வையில் படுகிறார்கள். ஆசிரியரும் கட்டுப்பட்டவரே: 2021இல் சென்னையில் ஆன்லைன் வகுப்பு முறைகேடு குறித்து எழுந்த புகார்களின் பின்னர், வகுப்புகளைப் பதிவு செய்து ஆராயவேண்டுமென்று தமிழக அரசே ஆணையிட நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

"ஒவ்வொரு பிள்ளையையும் கேட்க நேரமேது?" என்பார்கள். கணக்கிடுவோம். நாற்பது பிள்ளைகள், தலைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 200 நிமிடங்கள். வாரத்தின் ஆறு நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 34 நிமிடங்களைத் தாண்டாது. இதற்குத் திரையும் வேண்டா, சாதாரண அழைப்பே போதும். அத்தா வீடு திரும்பியபின் இரவில் அழைக்கலாம். கைப்பேசியே இல்லாத வீட்டுக்குப் பாடத்தாள்களைப் பள்ளிவாசலில் வைத்து ஒப்படைக்கலாம். நம் முன்னோர் முனாவலா என்றது அத்தகையதே. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலைதோறும் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசால் தெருவுக்கு வர முடிந்ததெனில் ஜமாஅத்தால் முடியாதா? ஆசிரியரின் இந்த உழைப்புக்கு உரிய ஊதியத்தை நிருவாகம் குறைக்காமல் அளிப்பதும் அதே அறத்தின் பகுதியாகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசியபோது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் ஒருங்கே அறுந்தன. அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. ஆதலின் நிருவாகிகளே, திட்டத்தை மழைக்கு முன்னரே தீட்டுங்கள். எந்தச் செயலியை வாங்குவது என்பதில் தொடங்காதீர்கள். எந்தப் பிள்ளையை எவர், எந்நேரத்தில் கேட்பார் என்பதில் தொடங்குங்கள். பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கும் நாளில் கட்டணத்தைக் கேட்பதோடு இதனையும் கேளுங்கள்: "கதவு மூடியிருக்கும் நாளில் என் பிள்ளை ஓதக் கேட்பவர் யார்?" பெயர் சொல்லி விடையளிக்க இயலாத பள்ளியின் முகப்பில் எத்தனை நற்சொற்கள் பொறித்திருந்தும் பயனென்ன?