ராத்திரிப் பஞ்சாயத்தும் இருபது ரூபாய்ப் பத்திரமும்

ஏழாயிரம்பண்ணையில் புருஷன் பெண்டாட்டி வழக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் அடித்துச் சொன்னார்: “கோர்ட்டும் வேண்டாம், சமரச மையமும் வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்தா ஒரே ராத்திரியில அத்துவிட்டுடலாம். 2023-ல மத்தியஸ்தச் சட்டமே வந்தாச்சு. நாங்க காலங்காலமாச் செய்றதைத்தான அது சொல்லுது?” பச்சைப் பொய். அதை நம்பும் பெண்களின் பிழைப்பில் மண் விழுகிறது.

திருமணத்தை ரத்துசெய்யும் அதிகாரத்தை அந்தச் சட்டம் எந்த மத்தியஸ்தருக்கும் தரவில்லை. நகை, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் வெளியே பேசி முடிக்கலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் சேர்ந்து மனுப்போட வேண்டும். நீதிபதி ஆணையிட்ட பிறகே திருமணம் முறியும். ஜாதி வழக்கப்படியான விவாகரத்தை அதே சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறதே என்பார் பெரியவர். காப்பாற்றுகிறது. அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபித்தால்தான். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால் வழக்கம் பிறந்துவிடாது.

பட்டாசு ஊரில் இதற்குப் பெண் கொடுக்கும் விலை பெரிது. 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் ஆலை வெடித்து எத்தனை உயிர் போனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒருவன் செத்தால் நிவாரணத்துக்கும் பி.எஃப். பென்ஷனுக்கும் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். அவனுடைய முதல் கல்யாணம் பஞ்சாயத்தில் தீர்ந்துவிட்டது என்று நம்பிக் கழுத்தை நீட்டியவள், நகக்கண்ணில் அலுமினியப் பொடியோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பாள். சட்டப்படி அவள் மனைவியே அல்ல. ராத்திரி உட்கார்ந்த நாலு பேரில் ஒருவரும் அன்றைக்குக் கூட வருவதில்லை.

சமரசமும் பஞ்சாயத்தும் ஒன்றாம்! பஞ்சாயத்தில் பெண்டாட்டி நிலைப்படியில் நிற்பாள், தாய்மாமன் பேசுவார், பித்தளைக் குடம், கட்டில், பீரோ என்று சீர்ச் சாமான் பட்டியல் வாசிப்பார்கள், தொகையை வேறு யாரோ முடிவுசெய்வார். விடிந்தால் அவள் அந்தரங்கம் பட்டாசு ரூம் வரை போயிருக்கும். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் நாட்டுக்கே முன்னோடியாகத் தொடங்கிய சமரச மைய முறையில் அவளே உட்கார்ந்து பேசுகிறாள், வேண்டுமானால் தனியாக. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்ல முடியாது. பேச்சு முறிந்தால், யார் என்ன சொன்னார் என்று நீதிபதிக்குக்கூட அவர் எழுதக் கூடாது. 2010-இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது இது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ராத்திரிப் பஞ்சாயத்தில் அப்படி எழுந்து போன ஒரு பெண்ணைக் காட்டுங்கள். அடி உதை வாங்கியவளையும் அதே திண்ணையில் வைத்து “அனுசரிச்சுப் போ” என்பவர்கள் சமரசம் என்ற சொல்லைத் தொடவே கூடாது.

அலைச்சல் என்கிறார். உண்மைதான், பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் 13-பி மனுவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம்; 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவு. அந்த ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெரியவருக்கு அந்தப் பெண்கள்மேல் அக்கறை இருந்தால், பத்திரம் வாங்க ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அங்கே போய்வர அவர்களுக்குப் பஸ் காசு கொடுக்கட்டும்.